குழுப் படத்தில் காணாமற் போனவள்

நம் பள்ளி ஆண்டு மலர் கைக்குக் கிடைத்தவுடன் யாரும் முதலில் கட்டுரைகளைப் படிப்பதில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, நானும் அப்படித்தான். முதலில் நம் வகுப்புக் குழுப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிறோம். பிறகு அதில் நம் முகத்தைத் தேடுகிறோம். கண் மூடியிருக்கிறதா, ரிப்பன் அவிழ்ந்திருக்கிறதா, பக்கத்தில் நின்றவள் நம் தோளை மறைத்துவிட்டாளா என்றெல்லாம் ஆராய்ந்து, இரண்டு நாள் அதைப் பற்றியே பேசி முடித்த பிறகுதான் மற்றப் பக்கங்களுக்குத் திரும்புகிறோம். ஆகவே இம்மலரில் அதிகக் கண்கள் பார்க்கும் அந்தப் பக்கத்தைப் பற்றியே என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது எடுத்த குழுப் படத்தில் என் தோழி ஒருத்தி காணாமற் போய்விட்டாள். (தன் பெயரை எழுதக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் இதை எழுத அனுமதித்தாள்.) அன்று அவள் பள்ளிக்கு வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில் எனக்கு இடப்புறம் நின்றாள். நண்பகல் வெயில். பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். படத்தில் எங்கள் வெள்ளைச் சட்டைகள் ஒழுங்காக விழுந்திருந்தன. நடுவில் அமர்ந்திருந்த சிஸ்டரின் வெள்ளுடையில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. என் தோழியின் சட்டைக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கரிய நீள்வட்டம் மட்டுமே இருந்தது. அவளுடைய பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “எங்க பிள்ளை எங்கடி? அன்னைக்கு லீவு போட்டுட்டியா?” என்று கேட்டாராம்.

மறு ஆண்டு வேறு விதமாக நடந்தது. படம் எடுத்தவர் எல்லா முகங்களையும் கணிப்பொறியில் வெளுத்துக் கொடுத்துவிட்டார். இம்முறை என் தோழிக்கு முகம் இருந்தது. ஆனால் அது சாம்பல் பூசியதுபோல் இருந்தது. கைகளை வெளுக்க அவர் மறந்துவிட்டார் போலும். முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது என்றாகிவிட்டது. “போன வருஷம் நான் இல்லை. இந்த வருஷம் வேற யாரோ நிக்கிறாங்க” என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இந்த ஆண்டு, படம் எடுக்கும் நாளன்று விடுப்பு எடுக்கப் போவதாக இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு முடிந்து நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் போகும் ஆண்டு இது.

இதில் அவளுடைய நிறத்தின் குற்றம் ஒன்றுமில்லை. படம் எடுத்தவருக்கு அவள்மேல் பகையும் இல்லை. ஒளியை அறியாமல் பொத்தானை அழுத்தியதுதான் குற்றம் என்பது என் கருத்து. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. சென்ற ஓராண்டாக நானே அந்தக் குற்றத்தைப் பலமுறை செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வருகிறேன்.

என் தாய்மாமா புதிதாகக் கண்ணாடியில்லாத காமிரா ஒன்றை வாங்கியதால், தம்மிடமிருந்த பழைய கேனான் 1300டி என்ற டி.எஸ்.எல்.ஆர். காமிராவை எனக்குக் கொடுத்தார். அதன் உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் ‘டக்’கென்று மேலே எழும்பி, ஒளியைப் பின்னாலுள்ள உணரிக்கு விட்டுவிடுகிறது. இப்போது பெரிய நிறுவனங்கள் கண்ணாடியில்லாத காமிராக்களுக்கு மாறிவிட்டதால், இவ்வகைப் பழைய காமிராக்கள் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு இது நல்ல காலம்.

மாமா காமிராவைத் தந்தபோது ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை, வேறெதுவும் தெரியாதபடி நெருங்கி, தானியங்கி முறையில் படம் எடுக்கச் சொன்னார். பிறகு என் கறுப்புப் பள்ளிக் காலணியை அதேபோல் எடுக்கச் சொன்னார். இரண்டு படங்களும் சாம்பல் நிறமாகவே வந்தன! விரிப்பு அழுக்காகவும், காலணி வெளுத்துப் போயும் தெரிந்தன. காரணம் இதுதான். காமிராவிலுள்ள ஒளிமானி, தன் எதிரே உள்ள காட்சி விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டே அளக்கிறது. வெள்ளை மிகுந்திருந்தால் “ஒளி அதிகம்” என்று குறைத்துவிடுகிறது. கறுப்பு மிகுந்திருந்தால் கூட்டிவிடுகிறது. எதிரே நிற்பது சுவரா, சட்டையா, என் தோழியா என்பதை அது அறியாது.

இப்போது எட்டாம் வகுப்புப் படத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பது வெள்ளைச் சட்டைகள், ஒரு வெள்ளைச் சுவர், ஒரு வெள்ளுடை. காமிரா ஒளியைக் குறைத்துவிட்டது. உச்சி வெயில் தலைமீது விழுந்ததால் கண்குழிகளிலும் கன்னங்களிலும் நிழல். சிவந்த நிறமுள்ளவர்கள் இந்த இரண்டையும் தாண்டிப் பிழைத்துக்கொண்டார்கள். மாநிறமுள்ள நான் பாதி பிழைத்தேன். என் தோழி பிழைக்கவில்லை.

ஒளியைக் கூட்டும் குறியீட்டை ஒரு படி ஏற்றினால் ஒளி இருமடங்காகும். எங்கள் காமிராவில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் போதும். இரண்டு நொடி வேலை. அல்லது, சட்டம் முழுவதையும் அளக்காமல் நடுவில் பத்தில் ஒரு பகுதியை மட்டும் அளக்கும் முறைக்கு மாற்றி, முகத்தையே அளக்கலாம். (முகத்தை அளந்தாலும் கறுத்த முகத்தைக் காமிரா சாம்பலாக்கத்தான் பார்க்கும், அப்போது சிறிது குறைக்க வேண்டும். முதலில் இது எனக்குத் தலைகீழாகவே புரிந்தது.) ஆனால் ஒளியைக் கூட்டினால் சிஸ்டரின் உடையில் மடிப்புகள் மறைந்து, வெள்ளைத்தாள் போலாகிவிடுமே என்று கேட்பீர்கள். உண்மை. வெயிலில் இரண்டையும் காப்பாற்றுவது கடினம். அதனால்தான் நல்ல படக்காரர் காமிராவைத் தொடுவதற்கு முன் நிற்க வைக்கும் இடத்தை மாற்றுகிறார்.

இடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் பெரிய தோல்வியைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பாஸ்கா திருவிழிப்பன்று, அனுமதி பெற்று, காமிராவுடன் கோயிலுக்குப் போனேன். வெளியே புதுத் தீ மந்திரித்த பிறகு, விளக்கில்லாத கோயிலுக்குள் பாஸ்கா திரி வருவதையும், அதிலிருந்து ஒருவர் திரியிலிருந்து ஒருவர் திரிக்கு ஒளி பரவுவதையும் நீங்கள் அறிவீர்கள். அதைப் படமாக்க ஆசை. காமிராவைப் பச்சை நிறத் தானியங்கிக் குறியில் வைத்திருந்தேன். இருட்டைக் கண்டதும், நான் கேட்காமலே, அதன் தலையிலிருந்த பிளாஷ் எழும்பிப் பளீரென்று அடித்தது. ஒருமுறையல்ல, பதற்றத்தில் நான் மீண்டும் அழுத்தியதால் இருமுறை. முன் வரிசையில் இருந்த அம்மாக்களின் முக்காடுகள் வெள்ளை வெளேரென்று விழுந்தன, பாஸ்கா திரி எங்கோ ஒரு புள்ளி, குருவானவர் இருளில். பிளாஷின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு மீட்டரில் இருப்பவருக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் மூன்று மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும். பூசை முடிந்ததும் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. “இருட்டைப் படம் எடுக்க வந்துவிட்டு, இருட்டை விரட்டிவிட்டாயே அம்மா” என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோயிலுக்குள் பிளாஷ் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதை நான் அதுவரை ஒரு கட்டுப்பாடாகவே நினைத்திருந்தேன். பக்தியைக் கெடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, படத்தையும் அல்லவா அது கெடுக்கிறது!

அதன் பிறகுதான் லென்ஸைப் பற்றிக் கற்றேன். காமிராவுடன் வந்தது 18 முதல் 55 மி.மீ. வரையுள்ள லென்ஸ். பகலில் நல்ல உழைப்பாளி. ஆனால் 55 மி.மீ.க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. மாமா தம்மிடமிருந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை இரவல் தந்தார். அது முன்னும் பின்னும் நகராது. நாம்தான் நடக்க வேண்டும். எடை 160 கிராம். ஆனால் அதன் வாய் ஏறக்குறைய 28 மி.மீ. அகலம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8-இல் சுமார் 10 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. முதல் லென்ஸில் ஆறில் ஒரு நொடி திறந்திருக்க வேண்டிய ஷட்டரை இதில் 60-இல் ஒரு நொடியில் மூடிவிடலாம். ஆறில் ஒரு நொடியில் கை நடுங்காமலிருக்க நாம் சிலைகள் அல்லவே.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நம் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘ஒளியியல்’ பாடத்தில் வரும் லென்ஸ் சமன்பாட்டை நான் வெறும் மதிப்பெண்ணுக்கென்று நினைத்திருந்தேன். குவியத் தூரம் 50 மி.மீ.; பொருள் 2 மீட்டர் தூரத்தில்; பிம்பம் 51.3 மி.மீ.இல் விழுகிறது. அதாவது தொலைவிலுள்ள மலையிலிருந்து அருகிலுள்ள தோழிக்குக் குவியத்தை மாற்ற லென்ஸ் நகர வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்! காமிராவுக்குள்ளிருந்து வரும் அந்தச் சிறு முனகல் சத்தம் எதற்கென்று அன்று புரிந்தது. பொதுத் தேர்வு ஆண்டில் காமிரா எதற்கு என்று கேட்கும் அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அரை மனத்துடன் தலையசைத்தார்.

வாய் அகன்ற லென்ஸுக்கு ஒரு வில்லங்கமும் உண்டு. எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தூரத்தில் சுமார் 11 செ.மீ. ஆழம்தான் தெளிவாக விழும். கண்ணில் குவித்தால் காதோரம் மங்கும். ஒருத்தியை எடுக்க அழகு. மூன்று வரிசைக் குழுப் படத்துக்கு ஆகாது. அதற்கு எஃப் 8 வைத்து, அகன்ற லென்ஸில் சற்றுத் தள்ளி நின்று எடுப்பதே சரி.

அக்டோபர் மாதச் செபமாலைப் பவனியில் இரண்டாம் முறை முயன்றேன். பிளாஷை மூடி வைத்தேன். எஃப் 1.8, ஷட்டர் 60-இல் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 3200. ஐ.எஸ்.ஓ. ஏற ஏறப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். வரட்டும் என்று விட்டேன். இருட்டில் குவியப் புள்ளிகள் ஒன்பதில் நடுப்புள்ளியே நம்பத்தக்கது. பவனி நடக்கும்போது எடுத்தவை எல்லாம் கலங்கின. கெபியின் முன் எல்லோரும் நின்றபோது, முழங்கையைத் தூணில் ஊன்றி, மூச்சைப் பிடித்து எடுத்தேன். அன்று எடுத்த 140 படங்களில் 11 தேறின. அவற்றில் ஒன்று என் தோழி. கையில் பிடித்த மெழுகுதிரியின் ஒளி அவள் தாடையிலும் கன்ன எலும்பிலும் நெற்றி ஓரத்திலும் விழுந்து, எண்ணெய் தேய்த்த தேக்குப்போல் மின்னுகிறது. கறுத்த தோலில் ஒளி அப்படியே உறிஞ்சப்பட்டுவிடும் என்பது தவறு. ஓரத்திலிருந்து வரும் ஒளியை அது வாங்கி ஒரு கோடாகத் திருப்பித் தருகிறது. நல்ல படக்காரர்கள் தேடுவது அந்தக் கோட்டைத்தான். அந்தப் படத்தை அவள் பாட்டி கண்ணாடி இல்லாமலே அடையாளம் கண்டுகொண்டார்.

மற்ற இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விழாவுக்கு ஒளிப் பஞ்சமில்லை; ஷட்டரை 1000-இல் ஒன்றுக்கு வைத்தால் நீளம் தாண்டுபவள் காற்றிலேயே நிற்பாள். ஆண்டு விழா மேடைதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீல நிற எல்.இ.டி. விளக்கைப் போட்டால் பழுப்பு நிற முகங்கள் கரியாகிவிடுகின்றன; ஏனெனில் நம் தோல் சிவப்பொளியைத் திருப்பி அனுப்புமளவு நீல ஒளியை அனுப்புவதில்லை. நாடக ஆசிரியர்கள் தயை கூர்ந்து சோகக் காட்சிகளுக்கு நீலத்தைக் குறைக்கவும்! குளிர்சாதன அறையிலிருந்து காமிராவை நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். கால் மணி நேரமாவது பையைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

“இப்போது கைப்பேசியே எல்லாம் செய்கிறதே, இத்தனை பாடு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கைப்பேசி நன்றாகவே செய்கிறது. கறுத்த நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கென்றே 2021-இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில் தனி ஏற்பாடு செய்தது. ஆனால் பல கைப்பேசிகளில் ‘அழகுபடுத்தும்’ வசதி ஒன்றும் இருக்கிறது. அது நம்மைக் கேட்காமலே முகத்தை வெளுத்து, மருவை அழித்து, மூக்கைக்கூட மெலிதாக்கிவிடுகிறது. அழகு என்றால் எது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? டி.எஸ்.எல்.ஆர். கற்றவள் அந்த முடிவைத் தன் கையில் வைத்திருக்கிறாள். ‘ரா’ கோப்பாக எடுத்தால் 14 பிட் அளவுக்கு ஒளிப் படிகள் பதிவாகின்றன. அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். சாதாரண ஜேபெக் கோப்பில் 256 தான். நிழலில் ஒளிந்திருக்கும் முகத்தை, சாம்பலாக்காமல், அதன் சொந்த நிறத்திலேயே மேலே கொண்டுவர அதில் இடமிருக்கிறது.

இந்தக் கோளாறு நம் ஊர்ப் படக்காரரோடு தொடங்கியதும் அல்ல. பிலிம் காலத்தில், கோடாக் நிறுவனம் வண்ணங்களைச் சரிபார்ப்பதற்காக அச்சிடும் கூடங்களுக்கு ஒரு பெண்ணின் படம் உள்ள அட்டையை அனுப்பி வந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அதிலிருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லோர் முகமும் சரி என்பது கணக்கு. பிற்காலத்தில் பழுப்பு நிறங்கள் பிலிமில் நன்றாக விழ வேண்டுமென்று நிறுவனம் முனைந்ததற்கு, சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் செய்த முறையீடு ஒரு காரணமாம். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத கவனம் மர அலமாரிக்குக் கிடைத்ததே என்று எண்ணும்போது சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. 1990-களில்தான் மூன்று நிறப் பெண்கள் உள்ள அட்டை வந்தது.

வெளுப்பவர்களுக்கும் ஒரு வாதம் இருக்கிறது. “பெண் பிள்ளையின் படம், நாளைக்கு நல்லது நடக்க வேண்டும், கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் என்ன?” என்கிறார்கள். பெற்றோர்களே, கோபிக்க வேண்டாம். பள்ளி ஆண்டு மலர் திருமணத் தகவல் ஏடு அல்ல. போலந்து நாட்டுச் செஸ்டகோவா அன்னையின் திருமுகம் கறுப்பாகவே வணங்கப்படுகிறது. அதை வெளுத்துத் தாருங்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. பெண்ணுக்குக் காமிரா எதற்கு என்பவர்களுக்கும் ஒரு சொல். 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா, சேலை உடுத்தியபடியே கனமான காமிராக்களைச் சுமந்து நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராக விளங்கினார். 2011-இல் பத்ம விபூஷண் பெற்றார்.

இனி என் வேண்டுகோள். குழுப் படத்தை நண்பகலில் மைதானத்தில் எடுக்க வேண்டாம். காலை எட்டரை மணிக்கு நம் பழைய கட்டடத்தின் முகப்பு வராந்தாவில், கூரையின் நிழல் தலைமீது விழும்படி, திறந்த வானத்தைப் பார்த்து நிற்போம். அங்கே ஒளி முன்னாலிருந்து மெதுவாக, எல்லா முகங்களுக்கும் ஒரே அளவில் வருகிறது. நானே மூன்று நாள் காமிராவுடன் நின்று பார்த்துவிட்டேன். சிஸ்டரின் வெள்ளுடையும் தப்புகிறது. என் தோழியின் முகமும் தப்புகிறது. கீழே முதல் வரிசைக்கு முன், சட்டத்துக்கு வெளியே, அறிவியல் கண்காட்சியில் மிஞ்சிய இரண்டு தெர்மாகோல் பலகைகளைச் சாய்த்து வைத்தால் கண்குழிகளிலும் ஒளி விழும். செலவில்லை. ஒளியளவை ஒரு படி ஏற்றி, ஒரு படம் எடுத்தவுடன் மிகக் கறுத்த முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அச்சகத்தார் எந்த முகத்தையும் வெளுக்கக் கூடாது என்று ஆசிரியர் குழு எழுத்திலேயே கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை பிற்பகல்களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு நானும் இன்னும் இருவரும் தெரிந்தவரை சொல்லித் தரத் தயாராக இருக்கிறோம். தேர்வுக்கு முந்திய இரண்டு மாதங்கள் மட்டும் மன்னிக்கவும்.

கட்டுரைகளை டிசம்பருக்குள் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்; குழுப் படம் ஜனவரியில். வராந்தாவில் எடுத்தால் வருவாயா என்று நேற்று என் தோழியைக் கேட்டேன். “எடுத்து முடிச்சதும் உடனே எனக்குக் காட்டணும். அப்படின்னா யோசிக்கிறேன்” என்றாள். மூன்றாவது வரிசையில் என் இடப்புறத்தை அவளுக்காக வைத்திருப்பேன். அவள் வந்தாளா என்பது இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது தெரிந்துவிடும். எப்படியும் நீங்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள்.